வாட்டர் ஹீட்டர்: பெட்டிக்கு வெளியே இருக்கும் செலவு

கடையில் ஹீட்டரின் விலையைக் கேட்டு, அந்தத் தொகையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். பிறகு பொருத்துகிறவர் வருகிறார். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார். பிளக் பாயின்ட்டைக் கழற்றி உள்ளே வந்திருக்கும் வயரின் தடிமனைப் பார்க்கிறார். பழைய குழாய் இணைப்பைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்க்கிறார். அதற்குப் பிறகு அவர் சொல்லும் கூலியும் பொருள் செலவும் ஒரு வீட்டில் ஹீட்டர் விலையில் சிறு பங்காக இருக்கும். இன்னொரு வீட்டில் ஹீட்டர் விலையையே தாண்டிவிடும். மாடலும் ஒன்று, வேலை செய்கிறவரும் ஒருவரே. ஆனாலும் இவ்வளவு வித்தியாசம்.

ஆள் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. புது ஹீட்டர் கேட்பதற்கும் வீடு ஏற்கெனவே வைத்திருப்பதற்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. பொருத்தும் செலவு என்பது அந்தத் தூரத்தைக் கடக்கும் செலவு. வயர் போதுமானதாக இருந்து, குழாய் நல்ல நிலையில் இருந்து, அதே அளவு ஹீட்டரை அதே இடத்தில் மாட்டினால், அது இரண்டு மூன்று மணி நேர வேலை. இதில் ஏதாவது ஒன்று மாறினாலும் வேலை பெருகும். எந்தெந்த இடத்தில் பெருகும் என்பது தெரிந்திருந்தால், கடைக்குப் போவதற்கு முன்பே செலவை ஓரளவு சரியாகக் கணித்துவிடலாம்.

தண்ணீர் கேட்கும் வெப்பம்

எல்லாக் கணக்கும் ஒரே ஒரு எண்ணிலிருந்து தொடங்குகிறது. 1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் சூடேற்ற ஏறத்தாழ 1.16 வாட்-மணி ஆற்றல் வேண்டும். எந்த ஹீட்டரும் இதைக் குறைக்க முடியாது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.6 யூனிட்டுக்கு (1 யூனிட் என்பது 1,000 வாட்-மணி) சற்று மேல் ஆகும். உள்ளே சூடாக்கும் கம்பியான எலிமென்ட் 2 கிலோவாட்டாக இருந்தால் 18 நிமிடம். இந்த வேகம் போதும் என்கிற வீட்டில் 2 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குள்தான் இழுக்கும். வயரிங்கில் பெரிய வேலை வராது.

தொட்டியே வேண்டாம், குழாயைத் திறந்ததும் சூடாக வரவேண்டும் என்று கேட்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. 3 கிலோவாட் உடனடி ஹீட்டர் தண்ணீரை 20 டிகிரி உயர்த்தினால் நிமிடத்துக்கு 2 லிட்டரும் சொச்சமும்தான் தரும். பாத்திரம் கழுவ, முகம் கழுவ அது போதும். ஷவரில் நன்றாகக் குளிக்க அது எப்படிப் போதும்? நிமிடத்துக்கு 10 லிட்டர் வேண்டும், அதுவும் 25 டிகிரி உயர்ந்து வரவேண்டும் என்றால் தேவைப்படும் திறன் 17 கிலோவாட்டைத் தாண்டுகிறது. அதை மின்சாரத்தில் தருவதானால் 230 வோல்ட்டில் சுமார் 76 ஆம்பியர். ஒரு சாதாரண வீட்டின் மொத்த இணைப்பே சில இடங்களில் அவ்வளவு இருக்காது. அப்போது தடித்த கேபிள், தனி பிரேக்கர், சில சமயம் மெயின் போர்டையே மாற்றுவது, மின் இணைப்பின் அளவைக் கூட்டச் சொல்லி விண்ணப்பிப்பது என்று வரிசையாக வரும். ஹீட்டரின் பெட்டி சிறியதாக, அழகாக இருக்கும். அதற்குப் பின்னால் சுவருக்குள் ஓடவேண்டிய கம்பியில்தான் பணம் போகும்.

எரிவாயுவிலும் இதே கதைதான். தொட்டி வைத்த எரிவாயு ஹீட்டரின் பர்னர் பொதுவாக 10 முதல் 12 கிலோவாட் அளவில் இருக்கும். மெதுவாகச் சூடேற்றித் தொட்டியில் சேர்த்து வைக்கும். முழு வீட்டுக்குமான தொட்டியில்லா ஹீட்டர் 50 கிலோவாட்டுக்கு மேல்கூடப் போகும். ஏறத்தாழ ஐந்து மடங்கு வாயு ஒரே நேரத்தில் வரவேண்டும். பழைய மெல்லிய குழாயில் அது வராது. மீட்டரிலிருந்து ஹீட்டர் வரை குழாயை மாற்றவேண்டி வரலாம். தொட்டியிலிருந்து தொட்டியில்லாததற்கு மாறுகிறவர்களுக்கு வரும் அதிர்ச்சியில் பெரும்பங்கு இந்தக் குழாயும், அடுத்து வரும் புகைக்குழாயும்தான்.

சுவர், கம்பி, வால்வு

1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவில் தண்ணீர் சூடாக்கும் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றுகளை நினைத்து அதற்குக் கீசர் என்று பெயர் வைத்தார். இன்றும் அந்தப் பெயர் நம் வாயில் இருக்கிறது. அந்தக் கருவியில் எரிந்த வாயு வெளியே போகப் புகைபோக்கி கிடையாது. பொருத்துவது எளிதாக, மலிவாக இருந்திருக்கும். மூடிய குளியலறையில் அது எவ்வளவு ஆபத்து என்பதை நினைத்தாலே நடுங்குகிறது. இன்று நம் பில்லில் இருக்கும் புகைக்குழாய், சேஃப்டி வால்வு, எர்த், மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபி எல்லாமே அந்தக் கருவியில் இல்லாதவை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு ஆபத்தைத் தடுக்கச் சேர்ந்தது. இதனால்தான் இந்தப் பகுதியில் மட்டும் பேரம் பேசக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன்.

எரிவாயு ஹீட்டருக்குப் புகைக்குழாய் உயிர் காக்கும் பொருள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சிறிய அறையில், கதவும் ஜன்னலும் அடைத்திருக்கும்போது, குளித்துக்கொண்டிருப்பவர் மயங்கி விழும் வரை யாருக்கும் தெரியாது. எரிக்கத் தேவையான காற்றை வெளியிலிருந்தே எடுத்து, புகையை வெளியிலேயே விடும் மூடிய வகை ஹீட்டரை வாங்குவது நல்லது. அதற்குச் சுவரில் துளை, உரிய குழாய், ஜன்னலிலிருந்து போதிய தூரம் எல்லாம் வேண்டும். புகையின் வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் கண்டென்சிங் வகையின் செயல்திறன் 90 சதவீதத்தைத் தாண்டும். சாதாரண வகை 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கண்டென்சிங்கில் புகை ஆறிப்போய் வெளியேறுவதால் பிளாஸ்டிக் குழாயே போதுமானதாக இருக்கும். ஆனால் உள்ளே சொட்டும் நீர் அமிலத்தன்மை உள்ளது. அதற்குத் தனி வடிகால் வேண்டும். குழாயில் மிச்சமாகும் செலவில் ஒரு பகுதி வடிகாலுக்குப் போய்விடும்.

எடையைப் பலரும் நினைப்பதில்லை. 25 லிட்டர் சுவர் ஹீட்டர் நிரம்பினால் தண்ணீரே 25 கிலோ. ஹீட்டரின் சொந்த எடையும் சேர்ந்து 35 கிலோவை ஒட்டி வரும். கனமான செங்கல் சுவரில் இரண்டு நல்ல ஆங்கர் போல்ட் தாங்கிக்கொள்ளும். உள்ளீடற்ற கல், மெல்லிய தடுப்புச் சுவர், பலகைச் சுவர் என்றால் பின்பக்கம் வரை துளைத்து இரும்புத் தகடு வைக்கவேண்டும், அல்லது தரையிலிருந்து தாங்கு சட்டம் எழுப்பவேண்டும். முட்டியால் தட்டிப் பார்த்தவர் தேடியது அந்தச் சத்தத்தைத்தான். 200 லிட்டர் தொட்டியானால் தரையே 250 கிலோ அளவுக்குத் தாங்கவேண்டும். கூரையில் வைக்கும் சூரிய ஹீட்டருக்கும் இதே கவனம் தேவை.

இனி வால்வு. தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 1.5 சதவீதம் விரிகிறது. 200 லிட்டர் தொட்டியில் அது 3 லிட்டர். மேல்நிலைத் தொட்டியிலிருந்து திறந்த குழாய் வழியே தண்ணீர் வரும் வீட்டில் விரிந்த நீர் பின்னால் தள்ளி இடம் தேடிக்கொள்ளும். உள்வரும் குழாயில், தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். அப்போது அழுத்தம் ஏறும். சேஃப்டி வால்வு திறந்து சொட்டுச் சொட்டாக வெளியே விடும்.

இந்தச் சொட்டைத்தான் கிட்டத்தில் போய்ப் பார்க்கவேண்டும். ஹீட்டர் ஓடும் நேரத்தில் மட்டும் வால்வின் வாயில் ஒரு துளி உருண்டு திரளும், விழும், மறுபடி திரளும். சூடேறி முடிந்ததும் நின்றுவிடும். இது கசிவு இல்லை. வால்வு தன் வேலையைச் செய்கிறது. தரை ஈரமாகிறது என்று அதற்கு மூடி போட்டு இறுக்குகிறவர்கள் உண்டு, டெஃப்லான் டேப் சுற்றி அடைப்பவர்கள் உண்டு. போதிய சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் பழுதாகும் ஒரு நாளில் அந்தத் தொட்டி வெடிகுண்டாகிவிடும். சரியான வழி, வால்வின் வாயிலிருந்து ஒரு குழாயை வடிகால் வரை கீழ்நோக்கி இறக்குவது. பெரிய தொட்டியானால் விரியும் நீருக்கு இடம் கொடுக்கும் எக்ஸ்பான்ஷன் டேங்க் ஒன்றைச் சேர்ப்பது. கொட்டேஷனில் இவை இரண்டும் இருந்தால் எழுதியவருக்கு வேலை தெரியும் என்று நம்பலாம்.

பல மாடிக் கட்டடத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளவேண்டும். தண்ணீர் இறங்கி வரும் ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 1 பார் அழுத்தம் கூடும். உச்சி மாடிக்கு வாங்கிய அதே ஹீட்டர் கீழ்த்தளத்தில் எத்தனை பார் தாங்கவேண்டும் என்பது வேறு கணக்கு. தேவைப்பட்டால் அழுத்தம் குறைக்கும் வால்வு வைக்கவேண்டும். அதுவும் பொருத்தும் செலவில்தான் சேரும்.

மின் ஹீட்டருக்கு எர்த் இல்லாத வீட்டில் முதல் செலவு எர்த் போடுவதுதான். ஈரக் காலோடு நிற்கும் இடம் அது. கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாவிட்டால் அதையும் சேர்த்துவிட வேண்டும். செம்புக் குழாயும் இரும்புத் தொட்டியும் நேரடியாகத் தொடும் இடத்தில் இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும். நடுவே மின்காப்பு இணைப்பு வைப்பார்கள். சிறிய பொருள்தான். அது இல்லாமல் ஐந்தாறு வருடத்தில் இணைப்பு முழுக்கத் துருவேறிப் போன தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே மாட்டுவது

பொருத்தும் செலவைப் பற்றிய பேச்சில் மிகக் குறைவாக வருவதும், என் மனதில் மிகப் பெரியதாக இருப்பதும் இடம். பழைய ஹீட்டர் எங்கே இருந்ததோ அங்கேயே புதிதையும் மாட்டச் சொல்லிவிடுகிறோம். கூலி குறையும், உண்மைதான். அந்த இடத்தை முதலில் தேர்ந்தெடுத்தவர் எதை நினைத்துத் தேர்ந்தெடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்விட்டம் 15 மில்லிமீட்டர் உள்ள குழாயில் ஒவ்வொரு மீட்டரிலும் 177 மில்லிலிட்டர் தண்ணீர் நிற்கும். ஹீட்டருக்கும் குளியலறைக்கும் இடையே 12 மீட்டர் குழாய் ஓடினால் 2.1 லிட்டர். குழாயைத் திறந்ததும் முதலில் வருவது இந்த ஆறிப்போன தண்ணீர். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடினால் 21 விநாடி காத்திருக்கவேண்டும். குளித்து முடித்து மூடியதும் அதே 2.1 லிட்டர் வெந்நீர் குழாயில் நின்று ஆறும். 35 டிகிரி உயர்த்திய நீர் அது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 85 வாட்-மணி வீண். வீட்டில் எல்லோருமாக நாளுக்குப் பத்து முறை இப்படித் திறந்து மூடினால் வருடத்துக்கு 310 யூனிட். இதில் ஒரு சொட்டு வெந்நீர்கூட யார் உடம்பிலும் படவில்லை. குழாயைச் சுற்றி நுரைக் காப்பு போட்டால் ஓரளவு குறையும். ஹீட்டரை நகர்த்தினால் பெரும்பகுதி போய்விடும். நகர்த்துவதற்குச் சுவர் வெட்டி, குழாய் இழுத்து, டைல்ஸ் ஒட்டும் செலவை அந்த 310 யூனிட்டோடு வைத்துப் பார்த்தால் எத்தனை வருடத்தில் ஈடாகும் என்று தெரியும். சில வீடுகளில் ஈடாகாது. ஆனால் கேட்காமலே விட்டுவிடுவது சரியில்லை.

ஹீட் பம்ப் வகைக்கு இடம் இன்னும் முக்கியம். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை; சுற்றியிருக்கும் காற்றிலிருந்து எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. அதனால் 1 யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கும். காற்று வேண்டுமே! சின்ன அலமாரிக்குள் அடைத்தால் அந்தக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைத்துத் திணறும். நல்ல காற்றோட்டமுள்ள இடம், சொட்டும் நீருக்கு வடிகால், படுக்கையறைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கும் வசதி எல்லாம் கேட்கும். விறைக்கும் குளிர் உள்ள ஊரில் அதன் பலன் குறையும்.

சூரிய ஹீட்டருக்கு 100 லிட்டருக்குச் சுமார் 2 சதுர மீட்டர் தகடு என்பது பொதுவான கணக்கு. நிழல் விழாத கூரை, அங்கிருந்து குளியலறை வரை காப்பிட்ட குழாய், மேகமூட்ட நாளுக்கு ஒரு மின் எலிமென்ட். கூரைக்கும் குளியலறைக்கும் இடையே இரண்டு மாடி இருந்தால் மேலே சொன்ன குழாய்க் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பன்னிரண்டு வருடக் கணக்கு

நாளுக்கு 150 லிட்டர் வெந்நீரை 35 டிகிரி உயர்த்திப் பயன்படுத்தும் குடும்பத்துக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 2,200 யூனிட் வெப்பம் வேண்டும். தொட்டி ஹீட்டர்கள் பொதுவாக 10 முதல் 15 வருடம் உழைக்கும். நடுவில் 12 என்று வைத்தால் 26,000 யூனிட்டுக்கு மேல். சாதாரண எலிமென்ட் இதை முழுக்க மின்சாரமாகவே எடுக்கும். ஹீட் பம்ப் மூன்றில் ஒரு பங்கை எடுத்தால் 9,000 யூனிட்டுக்குள் முடியும். இரண்டுக்கும் நடுவில் 17,000 யூனிட்டுக்கு மேல் இருக்கிறது. உங்கள் மின்கட்டணத்தால் அதைப் பெருக்கிப் பாருங்கள். பொருத்தும்போது அதிகம் என்று தோன்றிய தொகை வேறு மாதிரித் தெரியும். நாளுக்கு 30 லிட்டர் மட்டும் பயன்படுத்தும் தனி ஆளுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அவருக்குச் சிறிய ஹீட்டரே சிக்கனம். யாரோ சொன்னார்கள் என்று பெரிய தொட்டி வாங்கி வைத்தால், யாரும் குளிக்காத நேரத்திலும் அது மெல்ல வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். நடுத்தரத் தொட்டி நாளுக்கு 1 முதல் 2 யூனிட் வரை இப்படிச் சும்மா செலவழிக்கும்.

உழைக்கும் வருடங்களைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். கடின நீரில் சுண்ணாம்பு எலிமென்ட்டின் மேல் படியும். கழற்றிப் பார்த்தால் பவளப் பாறை போல வெள்ளையாக, சொரசொரப்பாக, கம்பியே தெரியாத அளவுக்கு மூடியிருக்கும். வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தேங்கி எலிமென்ட் எரிந்துபோகும். 60 டிகிரிக்கு மேல் வைத்தால் படிவது இன்னும் வேகமாகும். தொட்டிக்குள் ஆனோட் ராடு என்று ஒரு மெக்னீசியக் கம்பி தொங்கும். தொட்டியின் இரும்பு அரிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோவதுதான் அதன் வேலை. விரல் தடிமனில் போன கம்பி மூன்று நான்கு வருடத்தில் நடுவில் மெல்லிய இரும்பு இழை மட்டும் தெரிய வெளியே வரும். அதை மாற்றாவிட்டால் அடுத்து கரைவது தொட்டி. ஆகவே ஹீட்டரை மாட்டும்போதே ஆனோட் கம்பியை இழுத்தெடுக்க மேலேயோ கீழேயோ இடம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கூரையை ஒட்டி அழுத்தி மாட்டிவிட்டால், கம்பி மாற்ற ஹீட்டரையே இறக்கவேண்டி வரும், அதற்கும் கூலி.

வெப்பநிலையிலும் ஒரு இழுபறி உண்டு. லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி நீரில் பெருகும். பெரிய தொட்டியில் தண்ணீர் தேங்கி நிற்பதால் 60 டிகிரியில் சேமிக்கச் சொல்கிறார்கள். ஆனால் 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும்; குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இன்னும் சீக்கிரம். இரண்டையும் சமாளிக்கத் தொட்டியின் வெளிவாயில் குளிர்நீரைத் தானாகக் கலக்கும் மிக்சிங் வால்வு வைக்கலாம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் நான் இதை விருப்பப் பொருளாக எண்ணமாட்டேன்.

எப்போது மாற்றுவது

பழைய தொட்டி இரவில் ஓட்டையாகித் தரையெல்லாம் தண்ணீர் ஓடும்போது யாராலும் நிதானமாக முடிவெடுக்க முடியாது. காலையில் எது கடையில் இருக்கிறதோ அது வரும், பழைய இடத்திலேயே ஏறும், பழைய வயரிலேயே இணையும். அவசர வேலைக்குக் கூலியும் கூடுதல். தவறான அளவு, தவறான இடம் எல்லாம் இன்னொரு பன்னிரண்டு வருடத்துக்குத் தொடரும்.

ஹீட்டர் முன்கூட்டியே சொல்லிவிடும். வெந்நீரில் மட்டும் துரு நிறம், அடிப்பக்கத்தில் ஈரம், சூடேறும்போது உள்ளே பொட் பொட்டென்ற சத்தம், முன்பு மூன்று பேர் குளித்த இடத்தில் இரண்டாவது ஆளுக்கே தண்ணீர் ஆறிவிடுவது. தயாரிப்புத் தேதி உடலில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். பத்து வருடம் தாண்டியிருந்தால் இப்போதே இரண்டு மூன்று பேரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லலாம். தொலைபேசியில் சொல்லும் தொகையை நம்பவேண்டாம். இடத்தைப் பார்க்காமல் யாராலும் சரியாகச் சொல்லமுடியாது. மொத்தமாக ஒரு தொகை எழுதிக் கொடுத்தால் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பழையதைக் கழற்றி எடுத்துப்போவது யார், வால்வுகள் புதியவையா, வயர் எத்தனை சதுர மில்லிமீட்டர், வடிகால் குழாய் உண்டா, சுவரை மூடித் தருவது யார், அனுமதியோ ஆய்வோ தேவைப்பட்டால் அதற்கு அலைவது யார். மலிவான கொட்டேஷனில் பெரும்பாலும் இவற்றில் இரண்டு மூன்று விடுபட்டிருக்கும். வேலை பாதியில் நிற்கும்போது அவை தனித் தொகையாகத் திரும்பி வரும்.

வேலை முடிந்த அன்று ஆளை உடனே அனுப்பிவிடவேண்டாம். முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் சீராக வரும் வரை தொட்டி நிரம்பட்டும். அதன் பிறகுதான் ஸ்விட்ச். காலித் தொட்டியில் மின்சாரம் கொடுத்தால் புது எலிமென்ட் சில நிமிடங்களிலேயே எரிந்துவிடும். ஒரு முறை முழுக்கச் சூடேறி, தெர்மோஸ்டாட் தானாக நிற்கும் வரை அவர் இருக்கட்டும். இணைப்புகள் சூடாகி விரியும்போதுதான் உண்மையான கசிவு தெரியும். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் உலர்ந்த காகிதத் துண்டை வைத்துத் தொட்டுப் பாருங்கள். மறுநாள் காலையிலும் ஒரு முறை அதேபோல் பாருங்கள்.